வாடகை வீட்டுக் கேள்வியும் இரட்டைமலை சீனிவாசனும்: சாதி உறவு மாறியிருக்கிறதா?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் சாலைகளில் காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் விடியும் முன்பே ஓட ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. ஒரே சீருடை, ஒரே அடையாள அட்டை, கேன்டீனில் ஒரே தட்டு. ஊர்த்தெருவில் இருந்து வந்தவரும் காலனியில் இருந்து வந்தவரும் ஒரே அசெம்பிளி லைனில் நிற்கிறார்கள். இவர்களின் தாத்தாக்கள் ஒரே டீக்கடையில் ஒரே கிளாஸில் டீ குடித்திருக்க மாட்டார்கள்.

அதே தொழிலாளி ஷிஃப்ட் முடிந்து வாடகைக்கு ரூம் பார்க்கப் போகும்போது கதை வேறு மாதிரி ஆகிறது. வீட்டுக்காரர் சாதியை நேரடியாகக் கேட்பதில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று சுற்றிச் சுற்றி வருவார். பதில் பிடிக்கலைன்னா, ரூம் நேற்றே பேசி முடிஞ்சிருச்சு என்பார்.

அப்படியென்றால் சாதிகளுக்கு இடையிலான உறவு மேம்பட்டிருக்கிறதா, இல்லையா? அமெரிக்காவில் கறுப்பர் - வெள்ளையர் உறவு பற்றி இதே கேள்வியைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்பதாக 1958-இல் காலப் நிறுவனத்திடம் சொன்னவர்கள் 4 சதவீதம். 2021-இல் 94 சதவீதம். ஆனாலும் 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே செத்துப்போனதை உலகமே பார்த்தது. இந்தியக் கணக்கு இன்னும் மெதுவாக நகர்கிறது. 2011-12-இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தங்கள் வீட்டில் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை உண்டு என்று 27 சதவீதக் குடும்பங்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்டன. சாதி தாண்டிய திருமணங்கள் 5 சதவீதத்தை ஒட்டியே இருந்தன.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க அலைந்த ஒருவர், இந்தத் தொழிற்பேட்டைகள் இருக்கும் அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். வெள்ளையர் - கறுப்பர் பிரிவினை என்றால் என்னவென்று தென்னாப்பிரிக்காவில் நேரிலேயே பார்த்தவர். அவர்தான் இரட்டைமலை சீனிவாசன்.

மணி அடித்த பிறகு வகுப்புக்குப் போன மாணவர்

ஒரகடத்தில் இருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போனால் மதுராந்தகம் வரும். அந்தப் பகுதியில் உள்ள கோழியாளம் கிராமத்தில் 1859 ஜூலை 7-இல் சீனிவாசன் பிறந்தார். பிழைப்புக்காகவும் சாதித் தொல்லை தாங்காமலும் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம் போய், பிறகு கோயம்புத்தூர் சேர்ந்தது. அங்கேதான் அவர் படித்தார். கல்லூரியில் சுமார் 400 மாணவர்கள்; பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணர்கள்.

அந்த நாட்களைப் பிற்காலத்தில் தன் சிறிய சுயசரிதையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஊர், பெயர், உறவு என்று பேச்சு வளர்ந்தால் சாதி தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவர் யாரோடும் பழகவில்லை. வகுப்புக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே நுழைவார். சாயங்காலம் மற்றவர்கள் விளையாட்டுக்கு நிற்க, அவர் வேகவேகமாக வீட்டுக்கு நடப்பார். ஒரகடத்தில் ரூம் தேடுகிற இளைஞருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனங்களில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கணக்கர் வேலை. அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு மைத்துனர். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர். இருவரும் ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்காகவே உழைத்தாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. பறையர் என்ற பெயரே இழிவுக்காக மற்றவர்கள் சுமத்தியது, அதை உதற வேண்டும் என்றார் அயோத்திதாசர். சீனிவாசன் எதிர்த்திசையில் போனார். எந்தப் பெயரைச் சொல்லக் கல்லூரியில் பயந்தாரோ, அதையே பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார். 1893-இல் சென்னையில் ‘பறையன்’ வெளிவந்தது. நான்கு பக்க மாத இதழாகத் தொடங்கி, சில மாதங்களிலேயே வார இதழானது.

குடிசைக்கு அடியில் இருந்த மண் யாருடையது?

அந்தப் பத்திரிகை எதற்குத் தேவைப்பட்டது என்று புரிய, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். இன்றைய தொழிற்பேட்டைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், 1891-இல் இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் இருந்த முக்கியமான விஷயம் மிராசு முறை. கிராம நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. பயிர் வைக்காத தரிசு நிலத்தைக் கேட்டு ஒரு பறையர் தர்காஸ்து மனு போட்டால்கூட, முதல் உரிமை எனக்குத்தான் என்று மிராசுதாரர் குறுக்கே வரலாம். அதைவிட மோசம், சேரிக் குடிசைகள் நின்ற மண்ணுக்கும் அவர்களே உரிமை கொண்டாடினார்கள். கூலி போதவில்லை என்று ஒருவர் வேறு வேலைக்குப் போக நினைத்தால், குடிசையைக் காலி பண்ணு என்று சொன்னால் போதும். சங்கிலியே தேவையில்லாத அடிமைத்தனம் அது.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணையின்படிதான் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் சொல்லப்படுவது இதுதான். ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. காகிதத்தில் எல்லாமே சரியாக இருந்தது. நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1994-இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு நூறு வருஷத்தைத் தாண்டினால் ஹூண்டாய் ஆலை வந்த காலம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. சிப்காட்டுக்காக நிலம் எடுக்கும்போது, பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் இழப்பீடு. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவருக்கு, பட்டா இல்லையென்றால், போனது வேலை மட்டும், வந்தது எதுவுமில்லை. இழப்பீடு வாங்கியவர்களில் பலர் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஆக, இன்றைக்குக் குலதெய்வம் எது என்று கேட்கும் இடத்தில் ஒருவரும், பதில் சொல்லும் இடத்தில் இன்னொருவரும் நிற்பது தற்செயல் அல்ல. அந்த வரிசை 1891-க்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

112 அடி நீள மனு

சீனிவாசனின் அரசியலில் பலருக்கு நெருடும் பகுதி ஒன்று உண்டு. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சீனிவாசன் அதை எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் போட்டு, 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீளத்தில் ஒரு மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

ஏன்? அன்றைய நிலையில் இந்தியாவில் தேர்வு வைத்தால் அந்தப் பதவிகள் போகப்போவது கோவைக் கல்லூரியில் அவர் பார்த்த அந்த 390 பேரின் வீடுகளுக்குத்தான் என்று அவர் கணக்குப் போட்டார். ஊரில் நிலமும் அவர்கள் கையில், கலெக்டர் நாற்காலியும் அவர்கள் கையில் என்றால் சேரிக்காரர் யாரிடம் போய் மனு கொடுப்பது? வெள்ளைக்கார ஆட்சியை நம்பியதற்காக அவரை இன்றும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்சி மிராசுதாரரிடம்தான் வரி வாங்கியது, அவரைத்தான் தாங்கிப் பிடித்தது என்பதும் உண்மை. ஆனால் 3,412 பேர் அந்தக் காலத்தில் சும்மா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று கதவு தபால் நிலையம்

1900-இல் சீனிவாசன் லண்டன் போகும் எண்ணத்தோடு கப்பலேறினார். போய்ச் சேர்ந்தது தென்னாப்பிரிக்கா. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை கிடைத்தது. நாடு திரும்பும்போது 1920-களின் தொடக்கம். கிட்டத்தட்ட இருபது வருஷம் ஓடியிருந்தது.

அவர் போனது தமிழருக்குப் புதிய ஊர் அல்ல. 1860 நவம்பரில் சென்னையில் இருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் இறக்கிய கரும்புத் தோட்டக் கூலிகள்தான் முதல் அணி. வடாற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களில் இருந்து அதன் பிறகு ஆயிரக்கணக்கில் போனார்கள். குடிசைக்குச் சொந்த மண் இல்லாதவர்களுக்கு, ஐந்து வருஷ ஒப்பந்தம் தப்பிக்க ஒரு வழியாகத் தெரிந்தது. நீதிமன்றத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதும் இவர்களால்தான்.

நேட்டாலில் வெள்ளையருக்கு இந்தியர் எல்லோருமே கூலிகள். வேட்டி கட்டிய வியாபாரியும் கரும்பு வெட்டியவரும் ஒன்று. 1893 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியை முதல் வகுப்பில் இருந்து இறக்கிவிட்டவர்கள் அவர் சாதியைக் கேட்கவில்லை, தோலைப் பார்த்தார்கள். சென்னையில் ‘பறையன்’ தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஊரில் ஒருவரை மேலே வைத்த சாதி, அங்கே கரையேறியதும் செல்லாக்காசு ஆனது.

ஆனால் பாடம் அவ்வளவு எளிதாக இறங்கவில்லை. 1890-களில் டர்பன் தபால் நிலையத்தில் இரண்டு கதவுகள். ஒன்று வெள்ளையருக்கு, இன்னொன்று மற்ற எல்லோருக்கும். கறுப்பின மக்களோடு ஒரே கதவில் போவது அவமானம் என்று இந்தியர் தரப்பு முறையிட்டது. இரண்டு கதவும் வேண்டாம், ஒன்றே போதும் என்ற முடிவு வரவில்லை. இந்தியருக்கென மூன்றாவது கதவு திறந்தார்கள். காந்தியின் நேட்டால் காலத்தில், அவருடைய முயற்சியோடு நடந்தது இது. தனக்கு மேலே இருப்பவரோடு சமமாக வேண்டும், கீழே இருப்பவரோடு மட்டும் கூடாது என்ற மனசு கப்பலில் பத்திரமாகப் போய் இறங்கியிருந்தது.

காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் சீனிவாசன் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றதை நினைத்தால், அந்தக் காட்சி சுவாரஸ்யமானதுதான்.

இதே டர்பனில் 2001-இல் இனவாதத்துக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. சாதிப் பாகுபாட்டையும் அதில் பேச வேண்டும் என்று இந்தியாவில் இருந்து போன தலித் அமைப்புகள் கேட்டன. சாதி வேறு, இனம் வேறு, இது உள்நாட்டு விஷயம் என்று இந்திய அரசு தடுத்தது. அடுத்த ஆண்டே, இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு, பிறப்பு வழிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று பரிந்துரை எழுதியது.

சாலையில் நடக்க ஒரு தீர்மானம்

நாடு திரும்பிய சீனிவாசன் 1923-இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரானார். 1924-இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை இன்று படித்தால் விசித்திரமாக இருக்கும். எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம் போன்றவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம். இவ்வளவுதான். இதைச் சொல்லவே ஒரு சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. கேரளத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் நடந்ததும் அதே 1924-இல்தான். வைக்கத்தைத் தெரிந்த பலருக்கும் சென்னைத் தீர்மானம் தெரியாது.

இன்று கம்பெனி பஸ் ஊர்த்தெருவில் நின்று காலனி ஆளையும் ஏற்றிப் போகிறது. அதை யாரும் சாதனையாகப் பேசுவதில்லை. சட்டப்புத்தகத்தில் ஏறி, போலீஸும் தாசில்தாரும் பொறுப்பேற்ற விஷயங்களில் பழக்கம் மாறியிருக்கிறது. ஊராரின் நல்ல மனசுக்கு விட்ட விஷயங்களில் அவ்வளவாக மாறவில்லை. பொதுவழி, பள்ளிக்கூடம், பஸ், தொழிற்சாலை எல்லாம் முதல் வகை. வீட்டு மனை, வாடகை, கல்யாணம் எல்லாம் இரண்டாவது வகை.

சட்டம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டம் வந்தது. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் சாக்கடை, கழிவுத்தொட்டி வேலை செய்பவர்களை ஒன்றிய அரசு கணக்கெடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர் என்று 2024-இல் தெரிந்தது. அசெம்பிளி லைனில் எல்லா சாதியும் கலந்து நிற்கிறது. தொழிற்சாலைக்கு வெளியே தொட்டிக்குள் இறங்கும் வேலையில் கலப்பு நடக்கவில்லை.

லண்டனும் பூனாவும்

1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்பேத்கர், இன்னொருவர் சீனிவாசன். அம்பேத்கருக்கு அப்போது 39 வயது, சீனிவாசன் எழுபதைத் தாண்டியவர். வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை, ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

அந்தப் பயணத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கை நீட்டியபோது, நான் தீண்டத்தகாதவன் என்று சொல்லி சீனிவாசன் கை கொடுக்காமல் நின்றார் என்றும், காரணம் கேட்டறிந்த மன்னர் தானே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்றும் ஒரு கதை மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். அப்படியே நடந்ததோ, சொல்லச் சொல்ல வளர்ந்ததோ, அந்த மனிதரைப் பற்றி மக்கள் எதை நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதை அது காட்டுகிறது.

1932 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் தொகுதி போனது. பதிலுக்கு மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள், எல்லா சாதியாரும் சேர்ந்து வாக்களிக்கும் முறையில். சென்னை மாகாணத்துக்கு 30. கையெழுத்திட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர்.

ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி இன்றைக்கும் தனித் தொகுதி. நாட்டின் முக்கியமான தொழில் வட்டாரங்களில் ஒன்றின் எம்.எல்.ஏ. பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகத்தான் இருக்க முடியும். அதே சமயம், பட்டியல் சாதி வாக்கு மட்டும் வைத்து அவர் ஜெயிக்கவும் முடியாது. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்த மக்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். வாடகை வீடு தர யோசிக்கும் வீட்டுக்காரரின் ஓட்டும் அவருக்கு வேண்டும். அந்த எம்.எல்.ஏ. எவ்வளவு தூரம் குரல் உயர்த்தலாம் என்ற வரம்பு அங்கேதான் விழுகிறது. தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கரும் சீனிவாசனும் முதலில் கேட்டதற்குக் காரணமும் இதுவே.

இந்து மதத்தை விட்டு வெளியேறுவேன் என்று 1935-இல் அம்பேத்கர் அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் உள்ளேயே இல்லாதபோது வெளியேறுவது எப்படி என்பது அவர் வாதம். அதற்காக அம்பேத்கர் ஆதரவாளர்கள் பலர் அவரிடம் கோபப்பட்டதும் உண்டு. 1936-இல் திவான் பகதூர் பட்டம், 1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. அந்தச் சின்னப் புத்தகம் இல்லையென்றால் கோவைக் கல்லூரி மணியோசையும் 112 அடி மனுவும் இன்று நமக்குத் தெரிந்திருக்காது. 1945 செப்டம்பர் 18-இல் சென்னையில் காலமானார்.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 7 அன்று மாலை போடுகிறார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டங்களில், பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரச் சொல்லும் மனுக்களும் வீட்டுமனைப் பட்டா கேட்கும் மனுக்களும் இப்போதும் வந்துகொண்டிருக்கின்றன. 1892 அரசாணையின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வருபவர்களும் அந்த வரிசையில் உண்டு.